கப்பல்காரர் பதில்கள்: “இந்தச் சண்டைக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை!”

‘போரில் சேர மாட்டோம் என்று அறிவித்த நாடு கடைசியில் போருக்குள் போய் விழுவது எப்படி?’ என்று போன இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். ‘அந்த நாடு ஒதுங்கி நிற்பதால் தனக்கு இனி லாபமில்லை என்று சண்டைக்காரர்களில் ஒருவர் முடிவு கட்டும் நாளில்’ என்று ஒரே வரியில் பதில் சொல்லியிருந்தேன். விடுவீர்களா! விளக்கம் கேட்டும் மறுப்புச் சொல்லியும் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஆகவே இந்த இதழ் முழுக்க அதே விஷயம்தான்.

கேள்வி: லூசிடானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலை ஜெர்மனி மூழ்கடித்ததால்தான் அமெரிக்கா முதல் உலகப் போரில் குதித்தது என்று பள்ளியில் படித்தேன். உங்கள் பதில் அதோடு ஒட்டவில்லையே ஐயா? (கல்லூரி மாணவி)

தேதிகளைப் பாரம்மா. லூசிடானியா மூழ்கியது 1915 மே 7. அமெரிக்கா போர்ப் பிரகடனம் செய்தது 1917 ஏப்ரல் 6. இடையில் 23 மாதம். ஆத்திரத்தில் கை ஓங்குகிறவன் 23 மாதம் கழித்தா ஓங்குவான்?

அயர்லாந்துக் கரைக்குப் பக்கத்தில் யூ-20 என்ற நீர்மூழ்கி விட்ட ஒரே டார்பிடோவில், 18 நிமிடத்துக்குள் கப்பல் அடியில் போய்விட்டது. இறந்த சுமார் 1,200 பேரில் 128 பேர் அமெரிக்கர்கள். பிரிட்டிஷ் கொடி பறக்கும் கப்பலில் ஏறுகிறவர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் ஏற வேண்டும் என்று ஜெர்மன் தூதரகம் கொடுத்த விளம்பரம், கப்பல் நியூயார்க்கை விட்டுக் கிளம்பிய அன்று காலைப் பத்திரிகையிலேயே வந்திருந்தது. சரக்குப் பட்டியலில் 4,200 பெட்டி துப்பாக்கித் தோட்டாவும் இருந்தது. அமெரிக்க ஜனாதிபதி வில்சன் காரசாரமாகக் கடிதம் எழுதினார். ‘கடலை மறிக்கிற பிரிட்டனையும் இதே குரலில் கேளுங்கள்’ என்று வாதாடித் தோற்ற வெளியுறவு அமைச்சர் பிரையன் ஜூன் மாதம் ராஜினாமா செய்தார். அவ்வளவுதான் நடந்தது. 1916 தேர்தலில் ‘நம்மைப் போரில் மாட்டாமல் காப்பாற்றியவர்’ என்று சொல்லித்தான் வில்சனுக்கு ஓட்டுக் கேட்டார்கள். ஜெயித்தும் விட்டார்.

அப்படியானால் எது இழுத்தது? காகிதத்தில் அமெரிக்கா இரண்டு பக்கத்துக்கும் விற்கத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் கடல் பிரிட்டனின் கையில். ஜெர்மனிக்குப் போகிற சரக்கைப் பிரிட்டிஷ் கடற்படை வழியிலேயே மறித்துவிடும். அதனால் அமெரிக்கச் சரக்கு, நடைமுறையில், ஒரே திசையில்தான் ஓடியது. போர் ஆரம்பித்த 1914 ஆகஸ்டில், ‘சண்டை போடுகிற நாட்டுக்குக் கடன் கொடுப்பது நடுநிலைக்கு ஒவ்வாது’ என்றது வாஷிங்டன். மறு வருஷமே பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் சேர்த்து 50 கோடி டாலர் கடன் பத்திரம் நியூயார்க்கில் விற்பனையானது. பிரிட்டனுக்காக அமெரிக்காவில் சாமான் வாங்கிக் கொடுக்கும் ஏஜென்டாக ஜே.பி. மார்கன் வங்கி உட்கார்ந்திருந்தது.

இப்போது ஜெர்மனியின் நாற்காலியில் உட்கார்ந்து பார். 1917 ஜனவரி 9, பிளெஸ் கோட்டை. ஜெர்மன் சக்கரவர்த்தி கைசர் முன்னால் தளபதிகள் கூடியிருக்கிறார்கள். மாதம் 6 லட்சம் டன் கப்பல்களை மூழ்கடித்தால் ஐந்தே மாதத்தில் பிரிட்டன் பணிந்துவிடும் என்று அட்மிரல் ஹோல்ட்சென்டார்ஃப் கணக்கு வைக்கிறார். எந்தக் கொடியையும் பார்க்காமல் சுட்டால் அமெரிக்கா எதிராக இறங்கும் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் முடிவெடுத்தார்கள். ‘ஏற்கெனவே பணம், தோட்டா, கோதுமை எல்லாவற்றையும் நம் எதிரிக்குக் கொடுக்கிற நாடு, போரில் சேர்ந்து இதற்கு மேல் என்ன செய்துவிடும்?’ என்பது அவர்கள் கணக்கு. அமெரிக்கச் சிப்பாய் ஒருவன்கூட ஐரோப்பாவில் கால் வைக்க மாட்டான் என்று அட்மிரல் வாக்குக் கொடுத்தார். போர் முடிந்தபோது சுமார் 20 லட்சம் பேர் கால் வைத்திருந்தார்கள்.

அதன் மேல் தந்தி வேறு. ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் சிம்மர்மன், ‘அமெரிக்கா போருக்கு வந்தால் நீங்கள் எங்கள் பக்கம் சேருங்கள், டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவை மீட்டுக்கொள்ளலாம்’ என்று மெக்சிகோவுக்கு ரகசியத் தந்தி அனுப்பினார். எந்தக் கம்பி வழியாக? ஜெர்மனியின் கடலடிக் கேபிள்களைப் பிரிட்டன் போரின் முதல் நாட்களிலேயே வெட்டிவிட்டதால், சமாதானப் பேச்சுக்கு உதவட்டும் என்று அமெரிக்கா இரவல் கொடுத்திருந்த அதன் சொந்தத் தூதரகக் கம்பி வழியாக! பிரிட்டிஷ் கடற்படையின் சங்கேத நிபுணர்கள் அதை உடைத்துப் படித்துவிட்டார்கள். மார்ச் 1 அன்று பத்திரிகைகளில் வந்தது. போலித் தந்தி என்று பல அமெரிக்கர்களே சொல்லிக்கொண்டிருக்க, சிம்மர்மன் இரண்டு நாளில் ‘ஆமாம், நான்தான் அனுப்பினேன்’ என்று ஒப்புக்கொண்டார். இப்படி ஒரு வெளியுறவு அமைச்சர் எதிரிக்கு வாய்க்க வேண்டும்.

கேள்வி: சுற்றி வளைக்காதீர்கள். அமெரிக்காவை இழுத்தது ஆயுத வியாபாரிகளும் வங்கிகளும்தான். பிரிட்டன் தோற்றால் கடன் திரும்பாது, அதனால்தான் போர். (ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்)

1930களில் அமெரிக்கர்கள் பலர் நினைத்ததும் இதைத்தான் சார். செனட்டர் நை தலைமையில் ஒரு குழு 1934 முதல் 1936 வரை விசாரித்தது. 1917க்குள் நேச நாடுகளுக்குப் போன கடன் சுமார் 230 கோடி டாலர், ஜெர்மனிக்கு 2.7 கோடி. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் உங்கள் சந்தேகம்தான் வரும். ஆனால் மார்கன் வெள்ளை மாளிகைக்குள் போய் வில்சனின் கையைப் பிடித்து எழுத வைத்தார் என்பதற்கு அந்தக் குழுவால் ஆதாரம் காட்ட முடியவில்லை. என் வாதம் வேறு. கடன் அமெரிக்காவைத் தள்ளவில்லை. அமெரிக்காவை இனி விட்டுவைத்துப் பயனில்லை என்று ஜெர்மனியை நினைக்க வைத்தது.

விசாரணையின் பலனாக வந்த சட்டங்கள்தான் வேடிக்கை. சண்டை போடும் நாட்டுக்கு ஆயுதம் விற்கக் கூடாது, கடன் கொடுக்கக் கூடாது, அவர்கள் கப்பலில் ஏறவும் கூடாது என்று 1935இலிருந்து ஒவ்வொன்றாகத் தடை போட்டார்கள். முந்தைய போர் வந்த கதவுகளையெல்லாம் பூட்டினார்கள். 1939இல் ரொக்கம் கொடுத்து சொந்தக் கப்பலில் ஏற்றிப் போனால் சரி என்று ஒரு பூட்டு திறந்தது. 1940இல் கடற்படைத் தளங்களுக்குப் பதிலாகப் பிரிட்டனுக்கு 50 பழைய நாசகாரிக் கப்பல்கள். 1941 மார்ச்சில் ஆயுதத்தை இரவலாகவே கொடுக்கலாம் என்ற ‘இரவல்–குத்தகை’ச் சட்டம். அந்த அக்டோபர் கடைசியில் ஐஸ்லாந்து பக்கம் ரூபன் ஜேம்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்து சுமார் நூறு மாலுமிகள் இறந்தார்கள். அப்போதும் அமெரிக்கா சட்டப்படி நடுநிலைதான்! கடைசியில் போர் அட்லாண்டிக் வழியாக வரவே இல்லை. அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியதால் ஆத்திரத்திலும் அவசரத்திலும் இருந்த ஜப்பானோடு பசிபிக் வழியாக வந்தது.

கேள்வி: ஜெர்மன் மாலுமிகள் துருக்கித் தொப்பி மாட்டிக்கொண்டு துருக்கியைப் போரில் தள்ளினார்கள் என்று ஒரு நண்பர் சொல்கிறார். கதைதானே?

தொப்பி நிஜம். 1914 ஆகஸ்டில் கோபென், பிரெஸ்லாவ் என்ற இரண்டு ஜெர்மன் போர்க்கப்பல்கள், பிரிட்டிஷ் கப்பல்கள் துரத்த, மத்தியதரைக் கடல் முழுக்க ஓடித் துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணைக்குள் நுழைந்தன. நடுநிலைத் துறைமுகத்துக்குள் வந்த போர்க்கப்பல் 24 மணி நேரத்தில் வெளியேற வேண்டும்; இல்லையென்றால் போர் முடியும்வரை முடக்கி வைக்க வேண்டும். துருக்கியை ஆண்ட ஒட்டோமான் அரசு ஒரு வழி கண்டுபிடித்தது: ‘இந்தக் கப்பல்களை நாங்கள் விலைக்கு வாங்கிவிட்டோம்!’ பெயர்கள் யாவுஸ் சுல்தான் செலீம், மிடில்லி என்று மாறின. கொடி மாறியது. மாலுமிகள் மட்டும் அதே ஜெர்மானியர்கள், தலையில் சிவப்புக் குல்லாயோடு. அவர்களுடைய அட்மிரல் சூஷோன் ஒட்டோமான் கடற்படைக்கே தளபதியானார்.

மக்களுக்கு இதில் மகிழ்ச்சி. காரணம் உண்டு. ஊர் ஊராக நன்கொடை வசூலித்துப் பிரிட்டனில் கட்டக் கொடுத்திருந்த இரண்டு பெரிய போர்க்கப்பல்களை, போர் வரப்போகிறது என்றதும் பிரிட்டன் தனக்கே எடுத்துக்கொண்டது. வாங்கிப் போக வந்த துருக்கி மாலுமிகள் அங்கேயே காத்திருந்தார்கள். வயிறு எரியாதா? ஆனாலும் அதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். போர் அமைச்சர் என்வர் பாஷாவும் இரண்டொருவரும் ஆகஸ்ட் 2ஆம் தேதியே ஜெர்மனியோடு ரகசிய ஒப்பந்தம் போட்டாயிற்று. மந்திரிசபையிலேயே பெரும்பாலோருக்குத் தெரியாது. அக்டோபர் 29 அன்று அந்தத் ‘துருக்கி’க் கப்பல்கள் கருங்கடலில் ருஷ்யத் துறைமுகங்களைச் சுட்டன. சேதி கேட்டுச் சில அமைச்சர்கள் ராஜினாமா செய்தார்கள். ஒரே வாரத்தில் ருஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் போர் அறிவித்தன. ஒரு நாடு போருக்குப் போனதை அதன் அமைச்சர்களே செய்தியாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட கதை இது.

கேள்வி: யாரும் இழுக்காமல், லாபம் பார்த்துத் தானே இறங்கிய நாடு உண்டா?

இத்தாலி. ஜெர்மனி, ஆஸ்திரியாவோடு 1882இலிருந்து கூட்டு. போர் வந்ததும் ‘நடுநிலை’ என்றது. பிறகு இரண்டு பக்கமும் விலை கேட்டது. ஆஸ்திரியா தன் சொந்த நிலத்தை வெட்டிக் கொடுக்கத் தயங்கியது. நேச நாடுகள் ஆஸ்திரியாவின் நிலத்தை வெட்டிக் கொடுக்கத் தயங்கவே இல்லை! 1915 ஏப்ரல் 26இல் லண்டனில் ரகசிய ஒப்பந்தம், மே 23இல் போர். இத்தாலியச் சிப்பாய்கள் ஆறு லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். ருமேனியாவும் இதே கணக்கில் 1916 ஆகஸ்டில் இறங்கியது. டிசம்பரில் தலைநகர் புகாரெஸ்ட் ஜெர்மானியர் கையில்.

கேள்வி: கப்பலில் காலம் கழித்தவர் நீங்கள். நடுநிலைக் கொடியோடு போர்க் கடலில் போன அனுபவம் உண்டா?

உண்டு. 1987இல் ஒரு டேங்கரில் தேர்ட் ஆபீசராக இருந்தேன். ஈரான்–இராக் போர் நடந்துகொண்டிருந்த சமயம். எங்கள் கொடி இரண்டு நாட்டுக்கும் சம்பந்தமில்லாதது; டெக்கில்கூடப் பெரிதாக வரைந்து வைத்திருந்தோம், மேலேயிருந்து பார்க்கிற விமானிக்குத் தெரியட்டும் என்று. ஹோர்முஸ் நீரிணை தாண்டியதும் ரேடியோவில் ஈரானிய ரோந்துக் கப்பல் கூப்பிடும். கப்பல் பெயர், கொடி, சரக்கு, எங்கிருந்து வருகிறீர்கள் எல்லாம் மரியாதையாகக் கேட்பார்கள். கொடியைச் சொன்னால் ‘சரி’ என்று ஒரு வார்த்தை. ‘அடுத்த துறைமுகம்?’ என்ற கேள்விக்கு ‘குவைத்’ என்றால் மட்டும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அந்த இடைவெளியில் கேப்டனின் முகத்தை நான் பார்க்க மாட்டேன். ரேடார் திரையைத்தான் பார்ப்பேன். ராத்திரியில் லைஃப் ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்துத்தான் தூக்கம்.

குவைத் போரில் இல்லை. ஆனால் இராக்குக்குக் கடன் கொடுத்தது, இராக்கின் சரக்கு குவைத் துறைமுகம் வழியாகப் போனது. ஈரானின் கார்க் தீவில் எண்ணெய் ஏற்றும் கப்பல்களை இராக் அடித்தபோது, திருப்பி அடிக்க ஈரானுக்கு அந்தக் கடலில் இராக்கின் கப்பலே கிடைக்கவில்லை. ஆகவே குவைத்துக்குப் போகும் கப்பல். குவைத் அமெரிக்காவையும் சோவியத்தையும் ஒரே நேரத்தில் அணுகியது; சோவியத் மூன்று டேங்கரை வாடகைக்குக் கொடுக்க, அமெரிக்கா 11 குவைத் டேங்கர்களுக்குத் தன் கொடியை ஏற்றியது. முதல் அணிவகுப்பிலேயே, 1987 ஜூலை 24, பிரிட்ஜ்டன் என்ற ராட்சத டேங்கர் கண்ணிவெடியில் மோதியது. டேங்கருக்கு ஓட்டை விழுந்தாலும் மிதக்கும். மெல்லிய போர்க்கப்பல் மிதக்காது. ஆகவே காவலுக்கு வந்த அமெரிக்கப் போர்க்கப்பல்கள் டேங்கருக்குப் பின்னால் வரிசை கட்டி வந்தன! யார் யாருக்குக் காவல் என்று எங்கள் மெஸ்ஸில் வாரக்கணக்கில் சிரித்தோம்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, மே 17இல், அமெரிக்கப் போர்க்கப்பல் ஸ்டார்க் மேல் ஏவுகணை விட்டு 37 பேரைக் கொன்றது இராக் விமானம். ஆனால் 1988 ஏப்ரல் 18இல் அமெரிக்கா அடித்து மூழ்கடித்தது ஈரானின் கப்பல்களை. ஜூலை 3இல் அமெரிக்கக் கப்பல் வின்சென்ஸ் சுட்டு வீழ்த்தியது ஈரானின் பயணி விமானத்தை. 290 பேர் இறந்தார்கள். எண்ணெய்க் கப்பலுக்குக் காவல் என்று வந்த நாடு, எந்தத் தேதியில் ஒரு பக்கத்துக்காரன் ஆனது என்று கேட்டால் என்னால் ஒரு நாளைச் சுட்டிக் காட்ட முடியாது.

கேள்வி: 1940இல் நார்வேயை ஆக்கிரமித்த ஹிட்லர், பக்கத்து ஸ்வீடனை விட்டுவிட்டது ஏன்?

இரும்புத் தாதுவின் வழியைப் பாருங்கள். ஸ்வீடனின் வடக்கிலிருந்து ஜெர்மனிக்குத் தாது போக வேண்டும். ஸ்வீடனின் லூலியோ துறைமுகம் குளிர்காலத்தில் உறைந்துவிடும். அப்போது ரயிலில் நார்வேயின் நார்விக் துறைமுகத்துக்குப் போய், கரையோரமாகவே நார்வேயின் எல்லைக் கடலுக்குள் ஒளிந்து தெற்கே போகும். நார்வேயின் நடுநிலை ஜெர்மனிக்குக் கவசம். பிரிட்டனுக்கு அதுவே எரிச்சல்.

1940 பிப்ரவரி 16. ஆல்ட்மார்க் என்ற ஜெர்மன் கப்பலின் அடித்தளத்தில் 299 பிரிட்டிஷ் மாலுமிகள் கைதிகளாக அடைபட்டிருந்தார்கள். நார்வே அதிகாரிகள் கப்பலில் ஏறிப் பார்த்தார்கள். அடித்தளத்தைத் திறந்து பார்க்கவில்லை. திறந்தால் ஏதாவது செய்தாக வேண்டுமே! பிரிட்டனின் காசாக் என்ற போர்க்கப்பல் நார்வேயின் ஃபியோர்டு என்ற குறுகலான கடல் நுழைவுக்குள்ளேயே புகுந்து கைதிகளை மீட்டுப் போனது. நார்வேயின் படகுகள் எதிர்ப்புத் தெரிவித்துவிட்டு வேடிக்கை பார்த்தன. ‘நார்வேயால் தன் கடலைப் பிரிட்டனிடமிருந்து காக்க முடியாது’ என்று ஹிட்லருக்கும், ‘ஜெர்மனியைத் தடுக்க மாட்டார்கள்’ என்று பிரிட்டனுக்கும் ஒரே நாளில் புரிந்தது. ஏப்ரல் 8இல் பிரிட்டன் நார்வேக் கடலில் கண்ணிவெடி போட்டது. அதற்கு எதிர்ப்புக் கடிதம் கொடுத்துவிட்டு நிமிர்வதற்குள், ஏப்ரல் 9 விடிகாலை, ஜெர்மன் படை வந்து இறங்கியது.

ஸ்வீடன்? கேட்ட தாதுவைக் கொடுத்தது. 1940 முதல் 1943 வரை ஜெர்மன் சிப்பாய்கள் தன் ரயிலில் போய்வரவும் அனுமதித்தது. அது கௌரவமா என்று ஸ்வீடன்காரர்கள் இன்றும் தங்களுக்குள் சண்டை போடுகிறார்கள். தூரத்தில் உட்கார்ந்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஆசியாவில் இதற்கு உதாரணம்?

லாவோஸ், கம்போடியா. லாவோஸின் நடுநிலைக்கு 1962இல் ஜெனீவாவில் 14 நாடுகள் கையெழுத்துப் போட்டன, அமெரிக்காவும் வட வியட்நாமும் உட்பட. வட வியட்நாமிலிருந்து தென் வியட்நாம் போருக்கு ஆளும் ஆயுதமும் போகும் ஹோ சி மின் பாதை லாவோஸ் காட்டுக்குள் ஓடியது. வட வியட்நாம் அதைக் கைவிடவில்லை. 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் அந்தச் சின்ன நாட்டின் மேல் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. வெடிக்காமல் புதைந்தவை இன்னும் ஆளை எடுக்கின்றன.

கம்போடியாவை ஆண்ட இளவரசர் சிஹானுக் கெட்டிக்காரர். வட வியட்நாமியர் எல்லையில் முகாம் போட்டதைக் கண்டும் காணாமல் இருந்தார், அமெரிக்காவோடும் பேசிக்கொண்டார். 1969 மார்ச் 18இல் அமெரிக்கா ரகசியமாகக் குண்டு போடத் தொடங்கியது. சரியாக ஒரு வருஷம் கழித்து அதே மார்ச் 18இல், அவர் வெளிநாட்டில் இருந்தபோது பதவி பறிபோனது. அடுத்த ஆறு வாரத்தில் அமெரிக்கத் தரைப்படை உள்ளே வந்தது. பெரிய போருக்குப் பாதையாக இருக்கிற நாட்டுக்கு ராஜதந்திரம் எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கு இவரைவிடத் திறமையான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் சுவிட்சர்லாந்து மட்டும் எப்படித் தப்பித்தது?

மலை, ராணுவம், வங்கி மூன்றும் சேர்ந்து. ஜெர்மன் நிலக்கரி இத்தாலிக்குப் போகும் சுரங்க ரயில் பாதைகள் அங்கே இருந்தன. நுழைந்தால் தகர்த்துவிடுவோம் என்றார்கள். ஜெர்மனியின் தங்கத்தை வாங்கிக்கொண்டு பிராங்க் கொடுத்ததும் அவர்களே. இரண்டு பக்கமும் கெடுக்க விரும்பாத இடம். அப்படியும் 1944 ஏப்ரல் 1இல் அமெரிக்க விமானங்கள் ஊரைத் தவறாகக் கணித்து ஷாஃப்ஹவுசன் மேல் குண்டு போட்டதில் 40 பேர் இறந்தார்கள்.

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் துருக்கி 1945 பிப்ரவரியில் ஜெர்மனி மேல் போர் அறிவித்ததாமே! முடியப்போகிற சண்டையில் எதற்கு?

அழைப்பிதழுக்காக. மார்ச் 1க்குள் போர் அறிவித்த நாடுகளுக்குத்தான் ஐக்கிய நாடுகள் சபையை அமைக்கும் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் இடம் என்று யால்டாவில் கூடிய மூன்று பெரியவர்களும் (ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின்) முடிவு செய்திருந்தார்கள். 1944 ஏப்ரல் வரை ஜெர்மனிக்குக் குரோமியம் விற்றுக்கொண்டிருந்த துருக்கி, பிப்ரவரி 23இல் ஜெர்மனி, ஜப்பான் இரண்டின் மேலும் போர் அறிவித்தது. ஒரு குண்டுகூடச் சுடவில்லை. இடம் கிடைத்தது. அர்ஜென்டினா இன்னும் நிதானம்: கெடு முடிந்து, மார்ச் 27இல்தான் அறிவித்தது. அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.